நாயும் கோழியும் இருக்கும் வீட்டில்: மூன்று முதல் ஏழு வயதுவரை செய்ய வேண்டியவை

கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்புச் சாலையில் திரும்பினாலும் சரி, தேசிய நெடுஞ்சாலை 744இல் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் போனாலும் சரி, நாயோ கோழியோ இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். கொல்லையில் பஞ்சாரம் கவிழ்ந்து கிடக்கும். பக்கத்து வீட்டுக் கட்டுத்தறியில் ஒரு பசு நிற்கும். அப்படியிருந்தும் அந்த வீட்டுப் பிள்ளை நாயையும் கோழியையும் பசுவையும் கற்றுக்கொள்வது பெரும்பாலும் கைப்பேசித் திரையிலிருந்தும், சுவரில் ஒட்டிய படத்தாளிலிருந்தும்தான். படத்தாளில் இருக்கிற நாய் மூச்சு விடுவதில்லை, பிள்ளையைப் பார்த்து நகர்ந்து போவதும் இல்லை. வாசலில் படுத்திருக்கிற நாய் இரண்டையும் செய்கிறது.

இந்த அத்தியாயத்தில் சொல்லியிருக்கும் எதற்கும் கடையில் பொருள் வாங்க வேண்டாம். அரிசி மாவு, பழைய தினசரி நாட்காட்டி, ஒரு டார்ச் லைட், சாக்பீஸ் போதும். பெரியவர் ஒருவர் கால் மணி நேரம் கூடவே உட்கார வேண்டும். அதைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அப்பா அம்மாவுக்கு நேரமில்லை என்றால் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா யாராவது உட்காரலாம். ஆடு மாட்டோடு வளர்ந்த அவர்களுக்குத்தான் இதில் அனுபவமும் அதிகம்.

ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். பிராணி இங்கே பாடக் கருவி அல்ல. அது எழுந்து போனால் அன்றைய பாடம் முடிந்தது. அதைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்கிற வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்வது வேறு ஒன்றை. அது நமக்கு வேண்டாத பாடம்.

தொடங்கும் முன்

சின்னப் பிள்ளைகளை நாய் கடிக்கிற சம்பவங்களில் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான். வீட்டு நாயாகவோ பக்கத்து வீட்டு நாயாகவோ இருக்கும். பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் கடி முகத்திலும் கழுத்திலும் விழ வாய்ப்பு அதிகம். ஏழு வயதுவரை எந்தப் பிள்ளையையும் எந்த நாயோடும் தனியாக விடாதீர்கள். "எங்க மணி ஒண்ணுமே செய்யாது" என்று சொல்லும் வீட்டுக்கும் இதுதான் விதி. பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது.

பிள்ளைக்கு மூன்று தடைகளைச் சொல்லுங்கள். சாப்பிடும்போது தொடக்கூடாது. தூங்கும்போது தொடக்கூடாது. குட்டி போட்டிருக்கும்போது பக்கத்தில் போகக்கூடாது. கோழிக்கும் இது பொருந்தும். குஞ்சோடு திரியும் தாய்க்கோழி பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பறந்து கொத்தும்.

கட்டிப்பிடிப்பது மனிதருக்குப் பிரியம், பல நாய்களுக்கு அது நெருக்கடி. கழுத்தைச் சுற்றிக் கை விழுந்ததும் நாய் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், காதைப் பின்னால் மடக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். "போதும், விடு" என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அர்த்தம். படத்துக்காகப் பிள்ளையை நாயின்மேல் சாய்த்து உட்கார வைக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நாயின் முகத்தைப் பார்த்தால் இதில் இரண்டு மூன்றாவது தெரியும். உறுமுகிற நாயை அடித்து அடக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் படும்.

நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. குடற்புழு நீக்க மருந்தும் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுக்க வேண்டும். பிராணியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளை வாயில் எதையும் வைக்க வேண்டும். கோழியைத் தொட்ட கைக்கு இது இன்னும் கண்டிப்பு.

கடியோ பல் கீறலோ பட்டால் உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அதில் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் மீண்டும் போடுவார்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்; அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. நேரத்துக்குப் போட்ட ஊசி ஏறக்குறைய உறுதியாகக் காக்கும்.

இதில் பெரியவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. தெருவில் நாயோடு விளையாடக் கூடாது என்று அதட்டி வளர்த்த பிள்ளை, கீறல் பட்டால் திட்டுக்குப் பயந்து மறைத்துவிடும். அதனால் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "நாயோ பூனையோ கீறுச்சுன்னா ஓடி வந்து சொல்லு. அம்மா ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்." சொன்னால் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

மாவில் விழும் தடம்

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் பிஞ்சுக் கால் வைக்கிற வழக்கம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கையை மூடி, முஷ்டியின் ஓரத்தை மாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே ஐந்து விரல் புள்ளி வைத்தால் கண்ணன் கால். இந்தக் கைவேலையிலிருந்தே தொடங்கலாம்.

நாயின் கால் எப்படி விழும் என்று பிள்ளையைக் கேளுங்கள். பெரும்பாலும் "அஞ்சு விரல்" என்றுதான் பதில் வரும். சரியா தவறா என்று சொல்லிவிடாதீர்கள். இரவு எல்லாரும் படுத்த பிறகு வாசற்படியின் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் பச்சரிசி மாவை மெல்லிசாகச் சலித்துத் தூவுங்கள். அல்லது ஈரமணலைத் தட்டிச் சமமாக்கி வையுங்கள். மழைக்காலத்தில் அதுவே நல்லது. காலையில் பிள்ளையை எழுப்பிக் கூட்டி வந்து குனிந்து பாருங்கள்.

நாய் நடந்திருந்தால் நடுவில் ஒரு பெரிய மெத்தைத் தடமும், முன்னால் நான்கு விரல் தடமும் இருக்கும். விரல் நுனியில் நகப் புள்ளி தெரியும். பூனைக்கும் நான்கு விரல்தான், ஆனால் நகப் புள்ளி இருக்காது. பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாயின் முன்னங்காலில் உள்பக்கமாகச் சற்று மேலே ஐந்தாவது விரல் ஒன்று உண்டு. அது தரையைத் தொடுவதில்லை. ஐந்து என்று சொன்ன பிள்ளை முழுக்கத் தவறில்லை என்பதை, நாய் படுத்திருக்கும்போது எட்ட நின்று காட்டலாம். கோழியின் தடத்தில் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. ஆட்டுக்கு இரண்டு பிளவு. அணில் வந்து போயிருந்தால் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகக் கிடக்கும். எறும்பு வரிசை போட்டு மாவைத் தூக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு எறும்பைப் பாருங்கள், தடம் நாளைக்கு இருக்கட்டும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு "யார் வந்தது?" என்ற கேள்வி போதும். நான்கைந்து வயதில் எண்ணச் சொல்லலாம். ஆறு வயதில் அதே தடத்தைச் சாக்பீஸால் திண்ணையில் வரையச் சொல்லுங்கள். எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது, ஓடியதா நடந்ததா என்று கேளுங்கள். ஓடியிருந்தால் தடங்களுக்கு நடுவே இடைவெளி கூடும், நகம் ஆழமாகக் குத்தியிருக்கும். இந்த இடத்தில் பிள்ளை தானாகவே யோசிக்க ஆரம்பிக்கும். நீங்கள் பேசாமல் இருக்க வேண்டிய இடமும் இதுதான். விடையைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுக்கு எப்போதும் உண்டு. அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு கையாலேயே தடம் போடலாம். கட்டைவிரல் அடியைக் கரைசலில் தோய்த்து ஒற்றினால் மெத்தை, மேலே நான்கு விரல் நுனியை ஒற்றினால் நாய். சேவலுக்கு ஈர்க்குச்சி போதும். மறுநாள் வாசலில் பிள்ளை போட்ட தடத்தைப் பார்த்து அம்மாச்சி எந்தப் பிராணி என்று கண்டுபிடிக்கட்டும். வேண்டுமென்றே தவறாகச் சொன்னால் பிள்ளை திருத்தும். அப்படித் திருத்துவதில்தான் கற்றது நிலைக்கும்.

ராஜபாளையம் நாயோடு கைச்சாடை

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய நாய் ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, நீண்ட கால், ஒட்டிய வயிறு. ஒரு காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவலுக்கும் வளர்த்தார்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்காக நான்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோள் ஆகியவற்றோடு நான்காவதாக வந்தது ராஜபாளையம். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தெற்கத்தி இனங்கள் இன்னும் உண்டு. பிள்ளைக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். லாப்ரடார், பொமரேனியன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சிப்பிப்பாறை என்று சொல்லத் தெரியாமலிருப்பது, விருதுநகர் மாவட்டத்தில் வளரும் பிள்ளைக்குக் குறைதான். ஒரு வெள்ளைத்தாளில் அஞ்சல்தலை அளவுக்குக் கட்டம் போட்டு, ஓரத்தில் ஊசியால் குத்திப் பல் வைத்து, தன் வீட்டு நாயையே அதில் வரையச் சொல்லலாம். தெரு நாயாக இருந்தாலும் அதற்கும் ஓர் அஞ்சல்தலை தகும்.

ராஜபாளையம் நாயில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி அதன் காதைப் பற்றியது. இந்த இனத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. முடிக்கு நிறம் கொடுக்கிற அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றில் அங்கே அவை இருப்பதில்லை. அதனால் பிறந்த சில வாரங்களிலேயே உள்காதின் கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. ஒரு காது மட்டும் கேளாத குட்டியும் உண்டு.

வீட்டில் எந்த நாய் இருந்தாலும் இதை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். நாய் விழித்துக்கொண்டு, ஆனால் வேறு பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது பெரியவர் அதன் பின்னால் பத்தடி தள்ளி நின்று, சாவிக்கொத்தை மெதுவாக ஆட்டட்டும். பிள்ளை இன்னொரு பக்கம் உட்கார்ந்து காதை மட்டும் பார்க்கட்டும். எந்தக் காது முதலில் அசைகிறது? தலை திரும்புமுன் காது திரும்புகிறதா? அடுத்து விரலைச் சொடுக்கலாம், காகிதத்தைக் கசக்கலாம். காலடி அதிர்வும் காற்றும் நாய்க்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் காதுக்குப் பதில் தோலே கேட்டுவிடும். பிள்ளை இப்போது கண்ணை மூடிக்கொள்ளட்டும். அதே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கை காட்டட்டும். மனிதர் காதைத் திருப்ப முடியாது, நாய் திருப்பும் என்பதைப் பிள்ளை தன் காதைத் தொட்டுப் பார்த்தே அறியும்.

காது கேளாத நாயைக் கைச்சாடையில் பழக்குவார்கள். கேட்கிற நாயையும் அப்படிப் பழக்கலாம். உண்மையில் பெரும்பாலான நாய்கள் வார்த்தையைவிடக் கையைத்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. உள்ளங்கையை மேல் நோக்கி உயர்த்தினால் உட்கார், கையைத் தன் மார்பை நோக்கி இழுத்தால் வா, உள்ளங்கையை முன்னால் காட்டினால் நில். இந்த மூன்றும் போதும். பெரியவர் முதலில் பழக்க வேண்டும். நாய் உட்கார்ந்த கணமே ஒரு சின்னத் துண்டு வேகவைத்த முட்டையோ கோழிக்கறியோ தரையில் போட வேண்டும். ஒரு வாரம் கழிந்து பிள்ளை, பெரியவருக்கு முன்னால் நின்று அதே சாடையைச் செய்யட்டும். தீனியைப் பிள்ளை கையால் கொடுக்க வேண்டாம்.

இதில் பிள்ளைக்குக் கிடைப்பது நாயை அதட்டும் சக்தி அல்ல. ஒரே சாடையை ஒரே மாதிரி செய்ய வேண்டும், பொறுக்க வேண்டும், நாய் செய்யாவிட்டால் தன் கையைத்தான் திருத்த வேண்டும். பேச்சு தாமதமாக வரும் பிள்ளை உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் செய்து பார்க்கலாம். வாய் திறக்காமல் ஒரு உயிர் தன்னைப் புரிந்துகொள்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய நம்பிக்கை. காது கேளாத மனிதர் தெருவில் இருந்தால், அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்ற கேள்வியும் இங்கே வரும். மரியாதையோடு பதில் சொல்லுங்கள்.

சின்னதாக இன்னும் இரண்டு. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. புல்லில் சிவப்புப் பந்தையும் நீலப் பந்தையும் உருட்டி எதை முதலில் தேடி எடுக்கிறது என்று பல முறை பார்த்து, கோடு போட்டு எண்ணலாம். பல் எண்ணுவது அடுத்தது. பிள்ளைக்குப் பால் பல் 20, நாய்க்குட்டிக்கு 28, வளர்ந்த நாய்க்கு 42. நாயின் வாயைத் திறக்க வேண்டாம்; பிள்ளை கண்ணாடியில் தன் பல்லை எண்ணட்டும், நாயின் பல்லுக்குப் புளியங்கொட்டையைத் தாளில் அடுக்கட்டும். மூன்று வயதுக்கும் கீழே தம்பி தங்கை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டை வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். சாக்பீஸ் கோடு போதும்.

இருபத்தொரு தாள்

கோழி அடைக்கு உட்காரும் நாள்தான் இந்த அத்தியாயத்தில் மிகப் பெரிய நாள். அதை நழுவ விடாதீர்கள்.

முட்டையிட்டு முடித்த பெட்டைக்கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டை விட்டு எழாமல் உட்கார்ந்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அப்பத்தாக்களுக்குத் தெரியும். முட்டை வைக்கும் அன்று தினசரி நாட்காட்டியில் அந்தத் தாளைக் கிழித்துப் பிள்ளையிடம் கொடுங்கள். மறுநாள் இன்னொன்று. ஒரு கயிற்றில் கோத்து அடுப்படிச் சுவரில் தொங்க விடுங்கள். 21 தாள் சேரும்போது குஞ்சு வரும். அதே கோழிக்கு வாத்து முட்டை வைத்தால் 28 தாள் வேண்டும். "நாளைக்கு", "அடுத்த வாரம்", "இன்னும் கொஞ்ச நாள்" என்பவை நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியாத சொற்கள். நீண்டுகொண்டே போகும் கயிறு புரியும்.

ஏழாம் நாள், கோழி தீனிக்கு எழும் நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு முட்டையைப் பெரியவர் எடுத்து டார்ச் லைட்டின் வாயில் வைத்துக் காட்டலாம். அறையை இருட்டாக்கிவிடுங்கள். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி வலைபோல் பரவியிருந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் வெளிச்சமாகத் தெரிந்தால் அது கூமுட்டை. ஒரு நிமிடத்துக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். கோழி ஒரு நாளில் பல தடவை முட்டைகளை அலகால் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளை முட்டையில் பென்சிலால் ஒரு பக்கம் புள்ளி வைத்திருந்தால் மறுநாள் புள்ளி எங்கே போயிருக்கிறது என்று பார்க்கலாம். கோழி ஒரு நாளில் ஒரு தடவைதான் பொதுவாகத் தீனிக்கு எழும் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். பசி, தாகம், காத்திருத்தல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

குஞ்சு ஓட்டைக் குத்த ஆரம்பித்தால் வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். உரித்து உதவ வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றும், பெரியவருக்கும் தோன்றும். உரித்தால் ரத்தக்குழாய் அறுந்து குஞ்சு செத்துப்போகலாம். காத்திருக்கச் சொல்லுங்கள். குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் இருக்கும், ஓட்டை உடைக்க அதுதான் உளி. சில நாளில் உதிர்ந்துவிடும். பொரிந்த குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே வருவதால் முதல் இரண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும். பிறகு குருணையும் தண்ணீரும் வைக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டு கை குருணை, ஒரு சிரட்டை தண்ணீர் என்று அளவு சொல்லுங்கள். தண்ணீரில் கூழாங்கல் போட வேண்டும், குஞ்சு மூழ்காமலிருக்க. ஏன் கூழாங்கல் என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும்.

கோழிக்குத் தீனி போடும்போது அப்பத்தா எப்படிக் கூப்பிடுகிறார், நாயை எப்படிக் கூப்பிடுகிறார், மாட்டை எப்படி ஓட்டுகிறார் என்று பிள்ளை கேட்டுச் செய்து காட்டட்டும். சேவல் கூவும், பெட்டை கொக்கரிக்கும், மயில் அகவும், நாய் குரைக்கும், பூனை சீறும். எல்லாமே "கத்துது" என்று சொல்லிப் பழகிய வீட்டில் இந்தச் சொற்கள் ஒரு தலைமுறையில் போய்விடும். குட்டி, குஞ்சு, கன்று, பிள்ளை எல்லாம் தனித்தனி. தொல்காப்பியத்தின் மரபியல் தொடங்குவதே இளம் உயிர்களின் பெயர்களில்தான். நாயின் குட்டிக்கு அங்கே குருளை என்று பெயர்.

கூண்டில் கிளி வேண்டாம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாக இலையாலும் பூவாலும் கட்டப்படுவது. அலகுக்கு மாதுளம்பூ. கோவிலுக்குக் கூட்டிப்போகும் பிள்ளைக்கு அதைக் காட்டி, வீட்டுக்கு வந்து மாவிலை, வாழைநார், செம்பருத்தி மொட்டு வைத்து ஒரு கிளி கட்டச் சொல்லுங்கள். அரளி இலையும் பூவும் பிள்ளை கையில் வேண்டாம், அது விஷம். முதல் கிளி கிளி மாதிரி இருக்காது. அப்படியே சாமி படத்துக்கு வையுங்கள்.

உயிருள்ள பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். பிள்ளை ஆசைப்பட்டது என்று யாரிடமும் வாங்காதீர்கள். கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்து விற்கப்படுபவை அவை. அதற்குப் பதில் மொட்டை மாடியில் மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். சித்திரை வைகாசியில் மைனாவும் காகமும் அணிலும் கட்டாயம் வரும். எந்த நேரத்துக்கு யார் வந்தார்கள் என்று பிள்ளை படம் போட்டுக் குறிக்கட்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வளரும்.

வீட்டுச் சுவரில் ஓடும் கோடு போட்ட அணிலைப் பார்த்த பிள்ளைக்கு, மேற்கே தெரியும் மலையில் சின்னப் பூனை அளவுக்குச் சாம்பல் நிற அணில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்காகவே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021இலிருந்து அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். வளர்க்கிற உயிர், நம்மோடு வாழும் உயிர், காட்டில் விட வேண்டிய உயிர் என்று மூன்று வகை உண்டு. பிள்ளை படங்களை மூன்று கூடையில் பிரித்துப் போடட்டும். கிளியை எந்தக் கூடையில் போடுகிறது என்று பாருங்கள்.

பிராணி இல்லாத வீடு

கல்லூரி வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள், விருப்பம் இல்லாதவர்கள் யாரும் இந்தப் பாடங்களை இழக்க வேண்டியதில்லை. மாவுத் தடத்துக்குத் தெரு நாயும் பூனையும் போதும். பால்காரர் வீட்டுக் கன்றை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, எத்தனையாவது கணுவரை வளர்ந்திருக்கிறது என்று ஒரு மூங்கில் கம்பில் அளந்து வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா தின்னும் பிள்ளைக்கு அந்தப் பால் யாருடையது, கன்றுக்கு முதலில் எவ்வளவு விடுகிறார்கள் என்று தெரியட்டும். பழைய காலுறையில் துணி அடைத்து நாய் செய்து, அதற்குக் கட்டுப் போட்டு, தடுப்பூசி போட்டு, அட்டை எழுதி மருத்துவர் விளையாட்டு ஆடலாம். வீட்டில் நாய் இருப்பவர்கள் அதன் ஊசி நாளில் பிள்ளையையும் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். தனக்கு ஊசி போடும் நாளில் அந்தப் பிள்ளையின் அழுகை குறைய வாய்ப்புண்டு.

செத்துப்போனால், சமைத்தால்

வழிகாட்டி நூல்கள் இதைத் தவிர்த்துவிடுகின்றன. நம் வீடுகளில் தவிர்க்க முடியாது.

நாய் செத்துப்போனால் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளையும், வாசலிலேயே காத்திருக்கும் பிள்ளையும் அப்படித்தான் உண்டாகிறார்கள். "மணி செத்துப்போச்சு. இனிமே மூச்சு விடாது, வலிக்காது, திரும்பி வராது" என்று சொல்லுங்கள். புதைக்கும் இடத்துக்கு வர விரும்பினால் கூட்டிப்போங்கள். ஐந்து வயதுப் பிள்ளை அழுதுவிட்டு அடுத்த நிமிடம் விளையாடப் போகும், ராத்திரி மறுபடி கேட்கும். அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள்.

கோழி, கிடா விஷயம் இதைவிடச் சிக்கல். பிள்ளை பெயர் வைத்து, கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்து வளர்த்த குஞ்சு பங்குனிப் பொங்கலுக்கோ குலசாமிக் கும்பிடுக்கோ அறுபடும். என் கருத்து இது: பெயர் வைத்த கோழியைப் பிள்ளை இருக்கும் வீட்டில் அறுக்காதீர்கள், அதை முட்டைக்கு விட்டுவிட்டு வேறு ஒன்றை வாங்குங்கள். முடியாது என்றால் முன்கூட்டியே உண்மையைச் சொல்லுங்கள், அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். சாப்பிட வைத்துவிட்டு, முடிந்தபின் "நீ தின்னது அதுதான்" என்று சிரிக்கிற மாமாக்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் முன்பே பேசி வையுங்கள்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர்வரை வளரும் நாய் அது. மூன்று வயதுப் பிள்ளையின் மார்பைத் தாண்டும். தினமும் ஓட இடம் வேண்டும். சங்கிலியில் கட்டியே கிடந்தால் முரடாகும். சின்னப் பிள்ளையும் சின்ன வீடும் உள்ளவர்கள் முதல் நாயாக அதை எடுக்க வேண்டாம் என்பேன். அமைதியான ஒரு தெருக்குட்டிக்கு ஊசி போட்டு வளர்ப்பது இந்தப் பாடங்களுக்கு எல்லா வகையிலும் போதும்.

எந்த நாயாக இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். நான்கு வயதில் அழுது கேட்டு வாங்கிய பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போதும் அது வாசலில் படுத்திருக்கும். அதுவரை சோறு வைத்து, ஊசிக்குக் கூட்டிப்போகப் போவது யாரோ, அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.